‘எடு’ ‘எட்டு’ ஆனது எங்ஙனம்? – கம்பியில்லா ஒலிக்கருவியும் தமிழ் விசைப்பலகையும்

‘பையை எடு’ என்று ஆசிரியர் சொல்கிறார். கேட்டு எழுதும் மாணவன் ‘பையை எட்டு’ என்று எழுதித் தருகிறான். அடுத்த வரியில் ‘படம்’ என்பது ‘பட்டம்’ ஆகியிருக்கிறது. அதற்கடுத்த வரியில் ‘குடை’ ‘குட்டை’யாய்த் தேங்கி நிற்கிறது. மையால் எழுதிய தாளாயின் ஆசிரியருக்கு ஐயமே இராது. ஒற்று மிகுந்த பிழை என்று சிவப்புக் கோடு இட்டுவிடுவார். ஆனால் எழுதியது கணினியிலே. காதில் மாட்டியிருந்தது கம்பியில்லா ஹெட்செட். தட்டியதும் கம்பியில்லா விசைப்பலகை. கணினியை இயக்குவதோ லினக்ஸ். இந்நிலையில் அச்சிவப்புக் கோடு யார்மேல் விழவேண்டும் என்பது உடனே சொல்லத்தக்கதன்று. மாணவனின் காதும் கையும் குற்றமற்றவையாய் இருக்க, இடையிலுள்ள காற்றே குற்றவாளியாவதும் உண்டு.

கோலசிலாங்கூரிலிருந்து ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வழியே பெஸ்தாரி ஜெயா வரையிலும் (முதியோர் நாவில் அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்), வடக்கே சபாக் பெர்ணம் வரையிலும் பரந்துள்ள வடசிலாங்கூர், ரப்பராலும் பின்னர்ச் செம்பனையாலும் தமிழர் உழைப்பு ஊறிய மண். மலாயாவில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பெற்றது 1917இல், இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான். தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்தில் செம்பனை குடிபுகுந்தது ஒரு வேடிக்கை. இத்தோட்டங்களை ஒட்டியே தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. சொல்வதெழுதுதல் என்னும் பயிற்சி அப்பள்ளிகளில் கரும்பலகையின் காலத்திலிருந்தே இருந்து வருவது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அப்பயிற்சி வகுப்பறையை விட்டு வீட்டுக்குப் பெயர்ந்தது. ஆசிரியர் குரல் ஹெட்செட் வழியே வரலாயிற்று. மாணவர் எழுத்து விசைப்பலகை வழியே செல்லலாயிற்று. ஆணை நீங்கிய பின்னும் அப்பழக்கம் முற்றும் நீங்கவில்லை. பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் அதில் லினக்ஸை ஏற்றிப் பயன்படுத்துவது எங்கும் உள்ள வழக்கம். அது விலையின்றிக் கிடைப்பது. வலிமை குறைந்த பொறியிலும் ஓடுவது.

லினக்ஸைப் பற்றி ஒன்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது அதன் கருவகம் மட்டுமே. அதைச் சுற்றியுள்ள உறுப்புகள் வெவ்வேறு கைகள் செய்தவை. புளூடூத் கருவிகளோடு பேசுவது ‘புளூஸி’ என்னும் உறுப்பு. ஒலியைப் பங்கிட்டு அனுப்புவது ‘பைப்வயர்’ என்பது. பழைய பொறிகளில் ‘பல்ஸ்ஆடியோ’. தட்டும் விசையைத் தமிழெழுத்தாக்குவது ‘ஐபஸ்’ போன்றதோர் உள்ளீட்டு முறை. ரப்பர்ப் பால் மரத்திலிருந்து கோப்பைக்கும், கோப்பையிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து பால் கொட்டகைக்கும் கைமாறிச் செல்வது தோட்டத்தார் அறிந்ததே. நிறுவையில் பால் குறைந்தால் மரத்தை மட்டும் பழிப்பார் உண்டா? எந்தக் கைமாற்றத்தில் சிந்தியது என்றுதான் பார்ப்பர். லினக்ஸில் பழுது காண்பதும் அவ்வாறே. இதனை அறியாமல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவோர் பலர். அவ்வாறு செய்தால் பழுது சில வேளை நீங்கும். காரணம் தெரியாமலே போகும். அடுத்த வாரம் பழுது திரும்பி வரும்.

முதற் கைமாற்றம் காற்றில் நிகழ்கிறது. கோலசிலாங்கூருக்கு வருவோர் கம்போங் குவாந்தானில் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மொய்த்திருக்கும் மின்மினிகளைக் காணத் தவறுவதில்லை. ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே கணத்தில் ஒளிர்ந்து ஒரே கணத்தில் அணைகின்றன. கம்பியில்லாக் கருவிகளுக்கோ அந்த ஒற்றுமை ஆகாது. இரண்டு கருவிகள் ஒரே அலைவரிசையில் ஒரே கணத்தில் பேசினால் இரண்டின் பேச்சும் கெடும். ஹெட்செட், விசைப்பலகை, சுட்டி, வைஃபை ஆகிய இவற்றுட் பெரும்பாலானவை 2400 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலுள்ள ஒரே குறுகிய வீதியிலே நடமாடுகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அவ்வீதியிலே ஏறத்தாழ 2450இல் முழங்குகிறது. உரிமக் கட்டணம் இன்றி எவரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட வீதி அது. ஆகவே சந்தை நெரிசல்.

இந்நெரிசலில் புளூடூத் தப்பிப்பது தாவுதலால். பழைமையான புளூடூத் முறை அவ்வீதியை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை தடம் மாறுகிறது. 1942இல் திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தையிலும் பெற்ற காப்புரிமை ஒன்று இத்தகைய தாவலைப் பற்றியதே. பியானோவின் விசைகளைப் போல 88 அலைவரிசைகளுக்கிடையே தாவ அவர்கள் திட்டமிட்டனர். விசைப்பலகைக்கும் வானலைக்கும் உறவு அன்றே ஏற்பட்டுவிட்டது போலும்! 2003இல் வந்த புளூடூத் 1.2 முதற்கொண்டு, வைஃபை அடைத்துக்கொண்ட தடங்களை அறிந்து விலகித் தாவும் திறமும் சேர்ந்தது. எனினும் விலகுவதற்கும் எல்லை உண்டு. ஒரு வைஃபை நிலையம் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸை விழுங்குகிறது. அண்டை வீடுகளின் நிலையங்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் வீதி நிரம்பியது எனலாம். தகரக் கூரையில் பட்டு அலைகள் திரும்பும். மனித உடலின் நீர் அலையை உறிஞ்சும். மேசைக்குக் கீழே வைத்த கணினியிலிருந்து காதுக்குச் செல்லும் அலை, உட்கார்ந்திருப்பவரின் உடலையே சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

இனி ‘எடு’ ‘எட்டு’ ஆன மருமத்துக்கு வரலாம்.

பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை எத்துணை நேரம் அழுத்தினாலும் தாளில் ஓரெழுத்தே விழும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயாவுக்கு வந்து உழைத்து, தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசையமைத்த ஆர். முத்தையாவின் பொறியிலும் அவ்வாறே. கணினி அப்படியன்று. விசை அழுந்தியபோது ஒரு செய்தி. விசையை விட்டபோது மற்றொரு செய்தி. இரண்டாவது செய்தி வரும்வரை விசை அழுந்தியே இருக்கிறது என்று கணினி கருதும். ஏறத்தாழ அரை நொடி கடந்தும் அது வாராவிட்டால், அவ்வெழுத்தைத் தானே திரும்பத் திரும்ப எழுதத் தொடங்கும். திரும்ப எழுதுவது விசைப்பலகையன்று, கணினியே என்பது இங்கே உயிர்நாடியான செய்தி. நெரிசலால் ‘விட்டேன்’ என்னும் செய்தி காற்றில் தடைப்பட்டால் புளூடூத் அதனை மீண்டும் மீண்டும் அனுப்பிச் சேர்த்துவிடும். ஆனால் பிந்திச் சேர்க்கும். மிகவும் பிந்தினால் எழுத்து வரிசையாய்க் கொட்டும். அது எவர் கண்ணிலும் படும். அரை நொடியைச் சற்றே தாண்டினாலோ ஓரெழுத்து மட்டும் மிகும். வஞ்சகம் செய்வது இதுதான்.

அந்த ஓரெழுத்தை ஒற்றாக்குவது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை அடுத்து, அவ்வாண்டு ஜூன் மாதம் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசையமைப்பு இது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று ஆக 31 விசைகளில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்குகின்றன. இதன் அழகு, இலக்கணத்தைத் தன்னுள் வைத்திருப்பது. ஒரே மெய்யின் விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினத்தைத் தட்டினாலும் புள்ளி தானே விழும். ‘தங்கம்’ என்பதில் ஙகரத்துக்குப் புள்ளி இடக் கை வருந்துவதில்லை. இனவெழுத்து இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இதைக் கண்டு மகிழ்வர், மகிழத்தக்கதே. ஆனால் பிந்திய செய்தியால் டகரம் ஒன்று மிகுந்துவிட்டால், அவ்விதி மாணவன் தட்டியது என்றே நம்பி அதற்கும் புள்ளி இட்டுவிடும். ‘எடு’ ‘எட்டு’ ஆகிறது. ‘பாடு’ ‘பாட்டு’ ஆகிறது. விளைவது பொருளற்ற எழுத்துக் குவியலன்று, நல்ல தமிழ்ச் சொல். பொறியின் பிழை பிள்ளையின் பிழையாக வேடம் பூணுகிறது. இந்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் புள்ளிக்குத் தனி விசை உண்டாகையால், அதே கோளாறு ‘எடடு’ என்று தோன்றிப் பொறியைக் காட்டிக்கொடுத்துவிடும். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலால் இந்நாட்டில் பரவிய அஞ்சல் முறையிலோ, உரோமன் எழுத்தொலியைத் தட்டுவதால், உயிர் மிகும்போது குறில் நெடிலாகும். ‘கல்’ ‘கால்’ ஆகும்; ‘படு’ ‘பாடு’ ஆகும்.

இங்கே தமிழாசிரியருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. பொறியியலார் அறியாத கருவி ஒன்று அவர் கையில் உண்டு. அது மெய்ம்மயக்க இலக்கணம். உடனிலை மெய்ம்மயக்கத்தில் ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் மயங்குவதில்லை. ஆகவே விடைத்தாளில் ‘மர்ரம்’, ‘பழ்ழம்’ என்று காணப்பட்டால், எழுதியவன் எத்துணை இளைஞனாயினும் அவன் நாவிலும் காதிலும் இல்லாத ஒன்று அது. பெரும்பாலும் விசை இரட்டித்ததன் தடம். அப்படி ஒன்று தாளில் இருந்தால், அதே தாளிலுள்ள ‘எட்டு’, ‘குட்டை’ முதலியவற்றையும் ஐயத்தோடு நோக்குவதே நீதி. அதுபோலவே ‘அம்மா’ என்பது ‘ம்மா’ என்றும், ‘அப்பா’ என்பது ‘ப்பா’ என்றும் தொடங்கினால், மெய் மொழிமுதலாகாது என்னும் விதி மற்றொரு கோளாற்றைச் சுட்டுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த விசைப்பலகையோ, கணினியின் புளூடூத் பொறியோ சிறிது நேரம் சும்மா இருந்தால் உறங்கிவிடும். முதல் தட்டு அதனை எழுப்புவதிலேயே செலவாகி, எழுத்து வந்து சேராமற் போகும். வாக்கியங்களுக்கிடையே ஆசிரியர் நீண்ட நேரம் நிறுத்தும் சொல்வதெழுதுதலில் இது மிகுதியும் நேரும். லினக்ஸ் அமைப்பில் புளூடூத் பொறியின் தானியங்கு உறக்கத்தை நிறுத்திவைக்கலாம். விசைப்பலகையே உறங்குவதாயின், எழுதுமுன் பயனற்ற விசை ஒன்றைத் தட்டி எழுப்புவதே வழி.

இரட்டிப்புக்குக் காற்றுதான் காரணம் என்று முடிவு கட்டுமுன் தேய்ந்த விசையையும் எண்ணவேண்டும். பல்லாயிரம் முறை அழுந்திய விசையின் தொடுமுனை துள்ளும். ஓர் அழுத்தம் இரண்டாகத் தோன்றும். வேறுபாடு காண்பது எளிது. ஒரே எழுத்து மட்டும் எந்நேரமும் இரட்டித்தால் விசை தேய்ந்தது. எந்த எழுத்தாயினும், அதுவும் ஹெட்செட்டில் ஒலி ஓடும்போதோ பெரிய கோப்பு இறங்கும்போதோ மட்டும் இரட்டித்தால் காற்றின் நெரிசல். ஐயம் தீராதோர்க்கு லினக்ஸில் ‘ஈவ்டெஸ்ட்’ என்னும் சிறு கருவி உண்டு. விசை அழுந்தினால் 1, விட்டால் 0, கணினி தானே திரும்ப எழுதினால் 2 என்று அது வரிவரியாய்க் காட்டும். மாணவன் மெல்லத் தட்டி உடனே விட்டும் 2 தோன்றுமானால் ‘விட்டேன்’ என்னும் செய்தி பிந்தியது என்பது தெளிவு. 1, 0, 1, 0 என்று கண்ணிமைப்பொழுதில் இருமுறை வருமானால் தொடுமுனையின் துள்ளல். துள்ளலை அடக்க, அணுகுவசதி அமைப்புகளில் விரைந்து வரும் இரண்டாம் தட்டைப் புறக்கணிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதில் கால அளவை மிகக் கூட்டிவிட்டால் எதிர்க் கோளாறு நேரும். மாணவன் ஒழுங்காகத் தட்டிய ‘பட்டம்’ இப்போது ‘படம்’ ஆகிவிடும்!

காற்றின் நெரிசலுக்கு மருந்து பலவாயினும் முதன்மையானது செலவற்றது. வைஃபை நிலையம் இரு வீதியிலும் பேச வல்லதாயின் கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வீதிக்கு மாற்றிவிட்டால் புளூடூத்துக்குத் தன் வீதி மீளும். அவ்வலை சுவரையும் தொலைவையும் அவ்வளவாகத் தாங்காது. நிலையம் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருப்பது நன்று. மற்றொரு காரணம் பலர் நினைத்தும் பாராதது. யூஎஸ்பி 3.0 செருகுவாய், அதில் செருகிய வட்டு, அதன் கம்பி ஆகியவை வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழ்கின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் அளந்து வெளியிட்ட உண்மை இது. விசைப்பலகையோடு வரும் சிறு யூஎஸ்பி வாங்கியை, உள்ளே நீலநிறம் காட்டும் அச்செருகுவாயிலோ அதன் பக்கத்திலோ செருகினால், காதருகே தப்படித்துக்கொண்டு இரகசியம் கேட்கச் சொன்னது போலாகும். ஒரு முழ நீட்டுக்கம்பியில் வாங்கியை மாட்டி மேசைமேல் எடுத்து வைத்தாலே போதும். விலை சில ரிங்கிட், பலன் பெரிது.

கையின் வழக்கு இவ்வளவு. காதின் வழக்கு வேறு வகையானது. ‘பாட்டுக் கேட்கும்போது தெளிவாக இருக்கிறது; பாடம் தொடங்கியதும் குரல் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது’ என்னும் குறைக்குக் காற்று பொறுப்பன்று. புளூடூத் ஹெட்செட் இரண்டு முறைகளில் இயங்கும். ஒன்று கேட்பதற்கு மட்டும் உரிய உயர்ந்த முறை. அதில் ஒலிவாங்கி வேலை செய்யாது. மற்றொன்று தொலைபேசிக்குரிய பேச்சு முறை. அதில் இருவழியும் திறக்கும், ஒலித்தரம் வீழும். அம்முறையின் பழைய வகை நொடிக்கு 8000 மாதிரிகளே எடுப்பதால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் செல்லாது. 16000 மாதிரிகள் எடுக்கும் புதிய வகை இருமுனையும் அறிந்திருந்தால்தான் கைகூடும். பாட நிரல் ஒலிவாங்கியைத் திறந்த அக்கணமே லினக்ஸின் ஒலிப்பகுதி ஹெட்செட்டைத் தானாகவே பேச்சு முறைக்குத் தள்ளிவிடுகிறது. அது கருதிச் செய்த ஏற்பாடே, பழுதன்று.

இதன் விளைவு சொல்வதெழுதுதலில் சிறிதன்று. ‘பசி’, ‘காசு’ என்பவற்றில் வரும் சகரத்தின் உரசொலி பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே வலிமை கொண்டது, அது மழுங்கிவிடும். 1955இல் ஜார்ஜ் மில்லர், பட்ரீசியா நைஸ்லி என்னும் அறிஞர் இருவர் ஆங்கில மெய்களை இரைச்சலிலும், உயரொலி வெட்டப்பட்ட நிலையிலும் கேட்கவைத்து ஆராய்ந்தனர். குரலொலியா அன்றா, மூக்கொலியா அன்றா என்னும் வேறுபாடுகள் நெடுநேரம் நிலைத்தன. வாயில் எவ்விடத்தே பிறந்த ஒலி என்னும் வேறுபாடே முதலில் மறைந்தது. ஆய்வு ஆங்கிலத்தைப் பற்றியதாயினும் தமிழாசிரியர் இதில் நிமிர்ந்து உட்காரவேண்டும். லகர ளகரமும், னகர ணகரமும் பிரிவது பிறப்பிடத்தாலேயே அன்றோ! நேரில் கேட்டால் ‘வாளை’ என்று பிழையின்றி எழுதும் பிள்ளை, நைந்த ஒலியில் ‘வாலை’ என்று எழுதினால் அதனைச் செவிக்குற்றம் என்றோ பயிற்சிக் குறை என்றோ சொல்வதற்கில்லை.

நீக்கும் வழியும் மருந்துக் கடைக்குப் போகாமலே கிடைப்பது. ஒலி அமைப்பில் வெளியீட்டுக்கு ஹெட்செட்டையும், உள்ளீட்டுக்கு மடிக்கணினியிலேயே உள்ள ஒலிவாங்கியையும் தேர்ந்துவிட்டால் ஹெட்செட் உயர்ந்த முறையிலேயே நிற்கும். மறுமுனையில் ஆசிரியர் பக்கமும் இதுவே முறை. ஆசிரியர் குரல் அவரது ஹெட்செட்டின் ஒலிவாங்கியிலேயே தரம் குன்றிப் புறப்பட்டால், மாணவர் என்ன விலையுள்ள கருவியை மாட்டியும் பயனில்லை. மேசைமேல் வைக்கும் கம்பி ஒலிவாங்கி ஒன்று ஆசிரியரிடம் இருந்தால் முப்பது பிள்ளைகளின் காது தெளியும்.

ஹெட்செட் மாட்டியதும் தமிழ் எழுத்தே வராமற் போகும் விந்தையும் உண்டு. காதில் மாட்டும் கருவி கைவிசையை எங்ஙனம் கெடுக்கும் என்று நகைப்பவர் ஒன்றை அறியார். ஹெட்செட்டிலுள்ள நிறுத்து, தொடர் முதலிய சிறு பொத்தான்களுக்காக லினக்ஸ் அதனையும் ஒரு விசைப்பலகையாகவே பதிந்துகொள்கிறது. எக்ஸ்11 என்னும் பழைய காட்சி அமைப்பில், புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு விசைப்பலகைக்கும் நிலையான கோப்பில் எழுதியுள்ள விசையமைப்பே வழங்கப்படும். ஒருவர் தமிழமைப்பை அப்போதைக்கு ஒரு கட்டளையால் மட்டும் ஏற்படுத்தியிருந்தால், புதுக்கருவி வந்து அதன் பொத்தான் தொட்டவுடன் ஆங்கில அமைப்பு மேலே வந்துவிடக்கூடும். பழுது நேர்ந்த கணத்தில் கணினியின் விசைப்பலகைப் பட்டியலைப் பார்த்தால் ஹெட்செட்டின் பெயரும் அங்கே அமர்ந்திருப்பது தெரியும். விசையமைப்பை நிலையான கோப்பிலே எழுதிவிட்டால் இச்சண்டை ஓயும். தமிழை உள்ளீட்டு முறையிடம் ஒப்படைப்பது இன்னும் நன்று. அது எந்தப் பலகையில் தட்டினாலும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும்.

உள்ளீட்டு முறையைத் தேர்வதிலும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. லினக்ஸின் பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்று ஒரு பெயரும், ‘தமிழ்99’ என்று மற்றொரு பெயரும் தென்படலாம். முன்னது ஒரு விசைக்கு ஓர் எழுத்துக்குறி என்று வெறுமனே வரைந்த விசைப்படம். அதற்கு முன்னெழுத்தைத் திரும்பிப் பார்க்கும் ஆற்றல் இல்லை. புள்ளி தானே விழாது. பின்னது ஜப்பானில் உருவான எம்17என் நூலகத்தைக் கொண்டு ஐபஸ் வழியே இயங்குவது. தமிழ்99இன் விதிகள் செயற்படுவது அதிலேதான். பெயரொற்றுமை கண்டு முன்னதைத் தேர்ந்துவிட்டு, ‘லினக்ஸில் தமிழ் சரியாக வராது’ என்று வெறுத்தவர் சிலரல்லர். அவர்களைக் குறை சொல்லுவதைவிடப் பெயரிட்டவர்களைக் குறை சொல்லலாம். இனி, ஐபஸும் எஃப்சிடிக்ஸும் ஒரே பொறியில் ஒருசேர ஓடினால், ஒரு நிரலில் தமிழ் வரும், மற்றொன்றில் வாராது. இரண்டிலொன்றை நீக்கிவிட்டு வெளியேறி மீண்டும் நுழைவதே தீர்வு. மொழி மாற்றக் கட்டுப்பாட்டு விசையோடு இடைவெளி விசையை வைத்திருப்போர், லிப்ரெ ஆபிஸின் கணக்குத்தாளில் அதே சேர்க்கை ஒரு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுக்கப் பயன்படுவதை நினைவிற் கொண்டு வேறொரு சேர்க்கையை நாடுவது நல்லது.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் குடியிருந்தால் புளூடூத் விசைப்பலகை நாள்தோறும் பகை கொண்டாற்போல் நடக்கும். இணைத்தபோது இருபுறமும் ஒரு மறைத்திறவு பகிரப்படுகிறது. விண்டோஸில் இணைத்தால் ஒரு திறவு. லினக்ஸில் இணைத்தால் வேறு திறவு. ஆனால் விசைப்பலகைக்குக் கணினி ஒன்றே. அது கடைசித் திறவை மட்டுமே நினைவில் வைக்கும். பல கணினிகளோடு பழக எண் பொத்தான்கள் கொண்ட பலகையாயின் விண்டோஸுக்கு ஓர் எண்ணும் லினக்ஸுக்கு வேறோர் எண்ணும் ஒதுக்குவது பல பலகைகளில் பயன் தரும்.

எப்பழுதாயினும் ஆராயும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையை மட்டும் வைத்து ‘மரம் பழம் படம் எடு குடை’ என்று இருபது முறை தட்டிப் பார்க்கலாம். பிறகு ஹெட்செட்டில் பாட்டை ஓடவிட்டு அதனையே இருபது முறை. பிறகு வைஃபையை அணைத்துவிட்டு இருபது முறை. ‘மர்ரம்’ எந்தச் சுற்றில் தலைகாட்டுகிறதோ அச்சுற்றில் சேர்ந்ததே குற்றவாளி. ஐந்து சொற்களில் ரகரமும் ழகரமும் இருப்பது தற்செயலன்று.

பள்ளிக் கணினி அறையில் கம்பி விசைப்பலகை ஒன்றையேனும் அலமாரியில் வைத்திருப்பது இன்றியமையாதது. புளூடூத் பலகை, லினக்ஸ் முழுவதும் எழுந்து புளூஸி பணி தொடங்கிய பின்னரே பேசும். வட்டு பூட்டப்பெற்ற கணினி திறக்கையில் கடவுச்சொல் கேட்கும்போது அப்பலகை ஊமை. தேர்வு நாளில் அக்கம்பிப் பலகையையும், கம்பியுள்ள ஹெட்போனையும் மாணவனிடம் கொடுத்து அதே பத்து வாக்கியங்களை மறுமுறை சொல்லி எழுதச் செய்தால், முதல் தாளில் இருந்து இரண்டாம் தாளில் இல்லாத பிழைகள் எவையோ அவற்றின் மேல் சிவப்பு மை படவேண்டியதில்லை.